பிளேடு எட்டாத முகம்

என் மேசைக்கு நல்ல அட்டை வருவதே இல்லை. கவுன்டரில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் வந்தால்தான் சிவப்புச் சீட்டு குத்தி எனக்குத் தள்ளிவிடுவார்கள். அடையாள அட்டையைப் புற ஊதா விளக்கில் காட்டி, லென்ஸில் பார்த்து, அசலா, திருத்தியதா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருஷமாக இதே பிழைப்பு. பால்காரர் ஊற்றும் பாலைக்கூட விளக்கில் காட்டிவிட்டுத்தான் காய்ச்சுவேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அன்று சிவப்புச் சீட்டோடு வந்தவளுக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. அவள் நீட்டிய அட்டையில் முகம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகச் சுரண்டிக் கிடந்தது.

“பஸ் சக்கரம் ஏறிடுச்சுக்கா.”

“அக்காவா? நல்லா இருக்கே! பஸ் ஏறின அட்டை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? யார்கிட்ட கதை விடறே?”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் காலை பத்து மணிக்குள் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு உதவியாளராகச் சேர வேண்டும், அட்டையைக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும், மூன்று மணிக்குப் பஸ் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அப்போது மணி இரண்டு. நான் ‘திருத்தியது’ என்று எழுதினால் அட்டை பறிமுதல். விசாரணை முடிய நாலு மாதம் ஆகும்.

லென்ஸை இழுத்துப் போட்டுக்கொண்டேன். படத்தை மாற்ற நினைக்கிறவன் ஓரத்திலிருந்துதான் ஆரம்பிப்பான், அவசரப்படாமல் பக்குவமாக நெம்புவான். இங்கே ஓரத்தில் நகம் பட்ட தடம்கூட இல்லை. பிளேடு நேராகக் கண்ணில் இறங்கியிருந்தது. ஏமாற்றுக்காரன் வேலை இல்லை இது, ஆத்திரக்காரன் வேலை.

“யாரும்மா இப்படிப் பண்ணினது?”

“அண்ணன். அப்பா அம்மா போனதுக்கப்புறம் அவர்தான் என்னை வளர்த்தாரு. வெளியூர்ல வேலைன்னு நேத்து சொன்னதும், ‘எப்படிப் போறேன்னு பார்க்கறேன்’னு என் முன்னாடியே உட்கார்ந்து சுரண்டினாரு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் மட்டும் எதிரில் இருந்திருக்க வேண்டும்! மேசை டிராயரிலிருந்து கிளிசரின் சீசாவை எடுத்து, கீறல்கள்மேல் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தேன். கீறல்களுக்குள் அது இறங்க இறங்க வெள்ளை மங்கியது. முதலில் நெற்றி தெரிந்தது, பிறகு இரண்டு கண்களும். இந்த அட்டையில் படத்தை மேலே ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவில் லேசரால் கருக்கிப் பதிக்கிறார்கள். மேலே சுரண்டுகிறவன் கைதான் வலிக்கும்.

“அய்யோ, நான் இருக்கேன்!” என்றாள். அழுகையும் சிரிப்பும் அவளுக்குச் சேர்ந்தே வந்தன.

‘அசல். மேல்பரப்பு மட்டும் சேதம். புது அட்டை தரலாம்’ என்று எழுதி, பெரிய மனுஷி தோரணையில் கணினியில் ஒப்புதலைத் தட்டினேன். தட்டிய கையோடு அடுத்த பொத்தானையும் தட்டினேன். வேறு யாரும் திருட்டுத்தனமாக அட்டை வாங்கிவிடக் கூடாதென்று, பதிவில் இருக்கும் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் பொத்தான் அது. எல்லாம் கைப்பழக்கம்.

“எந்த நம்பருக்குப் போச்சு?” என்று கேட்டாள். திரையில் இருந்த எண்ணைப் படித்துக் காட்டினேன்.

“அது அண்ணன் நம்பர். அவர் கடை பக்கத்துத் தெருதான்.”

என் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. எந்த அலுவலகம், எந்த அறை என்று அவனுக்கு நானே வலியப் போய்ச் சொல்லியிருக்கிறேன். அச்சு இயந்திரத்துக்காரரிடம் ஓடி, வரிசையில் இருந்ததையெல்லாம் நிறுத்திவிட்டு இதை முதலில் போடச் சொன்னேன். “அப்படி என்ன தலைபோற அவசரம்?” என்றார். “போட்டுட்டு அப்புறம் கேளுங்க” என்றேன். சூடு ஆறாத அட்டையை அவள் கையில் திணித்து, பின்வாசலைக் காட்டினேன். மணி இரண்டு நாற்பது.

அவள் படி இறங்கியிருக்க மாட்டாள், முன்வாசல் வழியாக அண்ணன் வந்துவிட்டான். சட்டையெல்லாம் மரத்தூள், மூச்சு இரைத்தது.

“என் தங்கச்சி எங்க?”

“முதல்ல உங்க அட்டையைக் கொடுங்க.”

உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தான். அசல் என்று ஒரே பார்வையில் தெரிந்தது. விளக்கில் காட்டினேன். லென்ஸில் பார்த்தேன். ஓரத்தைத் தடவி, உதட்டைப் பிதுக்கினேன்.

“கொஞ்சம் சந்தேகமா இருக்கு. உட்காருங்க.”

“என் மூஞ்சிதானே இருக்கு அதுல?”

“மூஞ்சியை வச்சு நாங்க எதையும் நம்பறதில்ல.”

இத்தனை வருஷத்தில் ஒரு நல்ல அட்டையை நான் வேண்டுமென்றே சந்தேகப்பட்டது அன்றுதான். தப்புதான், தெரிந்தேதான் செய்தேன். அவன் தன் கைப்பேசியில் அவளை அழைத்துக்கொண்டே இருந்தான். அவள் எடுக்கவில்லை. மூன்றே கால் ஆனதும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

“அசல்தான். நீங்க போகலாம்.”

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பஸ் போயிருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கத்துவான் என்று நினைத்து, வாசல் காவலருக்கு ஏற்கனவே ஜாடை காட்டி வைத்திருந்தேன். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“சாப்பிட்டாளா அவ?” என்றான். “நேத்து ராத்திரியே சாப்பிடல.”

திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அரை மணி நேரம் அவளோடு இருந்திருக்கிறேன், அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

“பிளேடைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும் தம்பி” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். மறுபடியும் அவள் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டான்.