முகம் தெரியவில்லை

போனைக் கட்டிலுக்கு நேராகப் பிடித்தேன். திரையில் கட்டம் சிவப்பாகவே இருந்தது. "முகம் தெரியவில்லை. மீண்டும் முயலவும்."

கட்டிலில் இருந்தவர் பெயிண்டராக இருந்தவர். வாயில் வந்த புற்றுநோய் கீழ்த்தாடையைத் தின்றுவிட்டது. கட்டைப் பிரித்ததும் கிளம்பிய வாடையில் எனக்குக் குமட்டியது. மறைக்காமல் சொல்கிறேன், ஜன்னல் பக்கம் போய்த்தான் மூச்சு விட்டேன். நர்ஸ் அக்கா முகம் சுளிக்காமல் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர்களின் வீடு தேடிப் போய்ப் புண் கட்டி, வலி மருந்து கொடுக்கும் தொண்டு நிறுவனம் எங்களுடையது. நான் அங்கே கம்ப்யூட்டர் ஆள். போன மாதம் வரை நர்ஸ் நோட்டில் எழுதுவார், மருந்து வரும். பணம் கொடுத்து உதவுகிறவர்களுக்கு ஆதாரம் வேண்டும் என்றார் செயலாளர்; செயலி செய்து கொடுத்தேன். நோயாளியின் முகம் பதிவானால்தான் அடுத்த வாரத்து மருந்து ஸ்டோரை விட்டு வெளியே வரும். கூட்டத்தில் கைதட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. புற்றுநோய்க்காரர்களுக்கான செயலியில், முகம் என்றால் இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய் என்று வைத்த மகா புத்திசாலி நான்.

"பன்னெண்டு நாளா மருந்து இல்ல சார்," என்றார் நர்ஸ் அக்கா. "பக்கத்து வீட்டுல கைமாத்தா வாங்கற சாமானா இது?"

பெயிண்டர் கையை உயர்த்தித் தலையைத் தொட்டுக் காட்டினார். அவர் மனைவிக்குப் புரிந்தது. சீப்பை எடுத்து வந்து, வகிடெடுத்துச் சீவிவிட்டார். அவர் நிமிர்ந்து உட்கார முயன்று போனைப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு.

"நீங்கதானே தம்பி இதைச் செஞ்சது? இது என் வீட்டுக்காரர் மூஞ்சிதான்னு நீங்களே அதுகிட்ட சொல்லக் கூடாதா?"

அதற்குச் செயலாளர் அனுமதிக்க வேண்டும். போன் செய்தேன்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கப்பா," என்றார். "ஏதாவது ஒரு மூஞ்சியக் காட்டி முடிச்சிட்டு வா. அந்தப் போட்டோவ எல்லாம் யாரு உக்காந்து பாக்கப்போறா?"

யாரும் பார்க்காத போட்டோவுக்காகப் பன்னிரண்டு நாள். கட்டிலை ஒட்டிய சுவரில் அவர் கை எட்டிய உயரம் வரைக்கும், வலியில் பிறாண்டியதில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. இப்போது செயலாளரை நினைத்தும் என்னை நினைத்தும் குமட்டியது. அதற்கு எந்த ஜன்னலுக்குப் போவது?

"நான் வேணா நிக்கவா தம்பி?" என்று அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்மா."

போனை என் பக்கம் திருப்பினேன். கட்டம் சட்டென்று மஞ்சளானது. "முகம் தெரிகிறது. சற்றுப் புன்னகைக்கவும்."

உதவி பெற்றவர் மகிழ்ச்சியாகத் தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று நானாகச் சேர்த்த வரி அது. யாரும் கேட்கவில்லை.

உதட்டை விரித்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றது. பெயிண்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்பாமல், கட்டம் பச்சையாகும் வரை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.