ஒன்பது வருடச் சண்டையும் ஒரு களவா மீனும்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. மூன்று மதத்து வேதங்களின் மேலும் கை வைத்துச் சத்தியம். மூன்றும் இந்த ஜெருசலேமிலேயே கிடைப்பதால் அதற்காக அலைய வேண்டியதும் இல்லை.

சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கத்து அரபு ஊரான பெய்த் ஜாலாவில் டைல்ஸ் ஒட்டுகிற மித்ரிக்கு முப்பது வயது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவன் ஜெருசலேமுக்குப் போய், கெர்ஷோன் என்ற ஓய்வுபெற்ற யூத பஸ் டிரைவரோடு சண்டை போட்டுவிட்டு வருவான். சும்மா இல்லை, முறையாக. வடக்கே வெயில் அதிகம் வராத ஒரு நாட்டிலிருந்து வந்த 'திறந்த சன்னல்' என்ற அமைப்பு இதற்கென்றே ஒரு மடத்து விடுதியில் கூடம் பிடித்து, தேநீரும் எள் பிஸ்கட்டும் வைத்து, மேசை நடுவில் ஒரு பெட்டி டிஷ்யூவும் வைத்திருந்தது. இரண்டு தரப்பும் பேச வேண்டும், கத்த வேண்டும், கடைசியில் அழ வேண்டும்.

இதற்காக மித்ரிக்கு ராணுவம் ஒருநாள் அனுமதிச் சீட்டு தரும். காலை ஐந்திலிருந்து மாலை ஏழு வரை செல்லும். 'நோக்கம்' என்ற கட்டத்தில் 'சமாதானம்' என்று அச்சடித்திருக்கும். மீன் பிடித்தல் என்றொரு நோக்கம் அந்த அலுவலகத்துப் பட்டியலில் கிடையாது.

விஷயமோ மீன்தான். சண்டை பன்னிரண்டரைக்கு முடியும். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு இரண்டு பகைவர்களும் கெர்ஷோனின் ஓட்டைக் காரில் ஏறி யாஃபா கடற்கரைக்குப் பறப்பார்கள். மித்ரி தூண்டில் கம்புகளைத் தண்ணீர்க் குழாய்க்குள் சொருகிக் கொண்டு வருவான். கெர்ஷோனின் மனைவி ஸஹாவாவுக்கு மீன் வாடையே ஆகாது. ஆனால் மனிதர் நாட்டுக்காக வாதாடப் போகிறார் என்பதால் வியாழக்கிழமை மட்டும் தடுக்க மாட்டாள். ஒன்பது வருடமாக இந்தப் பகை இப்படித்தான் செழிப்பாக வளர்ந்தது. போன மாதம் மித்ரி பிடித்த களவா மீன் டிக்கியில் அடங்காமல் பின்சீட்டில் உட்கார்ந்துதான் வந்தது. சோதனைச் சாவடியில் சிப்பாய் அதனிடமும் சீட்டு கேட்டான்.

கேடு வந்தது சிக்ரித் அம்மாளின் உருவத்தில். 'திறந்த சன்னல்' புதிதாக அனுப்பிய அம்மாள். முன்னால் இருந்தவர் பத்து மணிக்கே தூங்கிவிடுவார். இந்த அம்மாள் ஒன்பது வருடக் குறிப்பையும் விமானத்திலேயே படித்து முடித்திருந்தாள்.

"போன மார்ச்ல பேசினதும் ஆறு வருஷத்துக்கு முந்தின மார்ச்ல பேசினதும் ஒண்ணா இருக்கே. இருமல்கூட அதே இடத்துலதான் வருது" என்றாள்.

மித்ரி பதற்றத்தில் எழுந்து, கைக்கு வந்த வசனத்தை எடுத்து வீசினான். கெர்ஷோனுக்குத் தொண்டை கட்டியிருந்த வருடம் இரண்டு பேருக்கும் சேர்த்து அவன்தான் பேசினான். அந்தப் பழக்கம் காலை வாரிவிட்டது.

"ரெண்டாயிரம் வருஷமா எங்களுக்கு ஒதுங்க ஒரு இடம் இருந்துச்சா?" என்று முழங்கினான்.

தன் வசனம் பறிபோன கெர்ஷோன் வேறு வழியில்லாமல் மித்ரியின் வசனத்தை எடுத்துக்கொண்டு மேசையைக் குத்தினார். "எங்க தாத்தா வீட்டுச் சாவி இன்னும் ஆணியில தொங்குது!"

சிக்ரித் அம்மாள் டிஷ்யூ பெட்டியை ஒற்றை ஆளாகக் காலி செய்தாள். "ஒருத்தர் வலியை இன்னொருத்தர் பேசறீங்க. இனி உங்களுக்கு நாங்க தேவையில்லை. அடுத்த மாசம் வேற ஜோடி." புறா படம் போட்ட இரண்டு சான்றிதழ்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

சான்றிதழ் வந்தால் சீட்டு போயிற்று. சீட்டு போனால் கடல் போயிற்று.

"அம்மணி, இவர் என் எதிரி. சத்தியமா நம்புங்க" என்றான் மித்ரி.

"ஆமாம்மா, இவன் மூஞ்சியைக் கண்டாலே எனக்கு ஆகாது" என்றபடி, மித்ரியின் தோளில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார் கெர்ஷோன். அம்மாள் அதையும் குறித்துக்கொண்டாள்.

உண்மையான சண்டை ஒன்று உடனே வேண்டும். மித்ரி மனசுக்குள் துழாவினான். ஒன்றுதான் அகப்பட்டது.

"போன மாசம் அந்தக் களவா என் தூண்டில்லதான் மாட்டுச்சு. நீ பிடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறியாமே பெரிசு?"

"காரு என்னுது, நாற்காலி என்னுது, இரை என்னுது. மீன் மட்டும் உன்னுதா?"

"மீன் என்றால் நிலம்" என்று எழுதிக்கொண்டாள் அம்மாள்.

"தூங்கிட்டு இருந்தவனுக்கு எதுக்குய்யா மீனு? எங்க தாத்தா அதே பாறையில உக்காந்து பிடிச்சவரு, தெரியுமா?"

"அப்போ உங்க தாத்தாவையும் சீட்டு காட்டச் சொல்லு!" என்றார் கெர்ஷோன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மித்ரியின் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"நீ எந்திரிச்சுப் பல்லு விளக்குறதுக்குள்ள நான் சாவடிக் கூண்டுக்குள்ள ஆடு மாதிரி மூணு மணி நேரம் நின்னு முடிச்சிருப்பேன். ஒன்பது வருஷத்துல ஒரு நாள், எத்தனை மணிக்குடா எந்திரிச்சேன்னு கேட்டிருப்பியா?"

"நீ கேட்டியாடா? எனக்கு முன்னாடி போன பஸ் வெடிச்சுது. அதை ஓட்டினவன் அன்னிக்குக் காலையில என்கூட காபி குடிச்சவன். உங்க பக்கம் அன்னிக்கு மிட்டாய் கொடுத்தாங்களாம்."

"நான் கொடுக்கலை."

"கொடுத்தவன் கையைப் பிடிச்சியா?"

"கூண்டைக் கட்டினவன் கையை நீ பிடிச்சியா?"

ஒன்பது வருடமாகப் பன்னிரண்டேகாலுக்குத் தவறாமல் அழுதவர்கள், அன்று ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

சிக்ரித் அம்மாள் சான்றிதழ்களை நான்காகக் கிழித்தாள். அவளுக்கு முகம் கொள்ளாத மகிழ்ச்சி. "இன்னும் எவ்வளவு வேலை இருக்கு! குறைஞ்சது பத்து வருஷம் ஆகும்" என்றாள்.

ஆக, சீட்டு பிழைத்துவிட்டது. ஆனால் கெர்ஷோன் பன்னிரண்டு முப்பத்தைந்துக்குத் திரும்பிப் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மித்ரி குழாயை மடியில் வைத்துக்கொண்டு மடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தான். பத்து வருடத்துக்குப் பகை உறுதி. கொண்டுபோய்க் கடலில் விட ஆள் இல்லை. இந்தச் சீட்டோடு அவனே கார் ஓட்டிப் போனால் அது தனிக் குற்றம்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டைக் கார் மடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. நிற்காமல் போனது. மறுபடி வந்தது, போனது. மூன்றாவது சுற்றில் அவன் முன்னால் நின்று, கண்ணாடி இறங்கியது. கெர்ஷோன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தனை மணிக்குடா எந்திரிச்சே?"

"மூணு."

"ஏறு."

ஊர் தாண்டி மலை இறக்கம் வந்தது. அங்கே மித்ரி கேட்டான். "அந்த டிரைவர் பேரு என்ன?"

"அஷேர். சர்க்கரை அஞ்சு ஸ்பூன் போடுவான், நாசமாப் போனவன்."

யாஃபாவில் அன்று பழைய பாறையில் இரண்டு பேரும் நாலு முழம் தள்ளித் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். அரை மணியில் மித்ரியின் கம்பு வில்லாக வளைந்தது. ஒரு கை போதாது என்று தெரிந்ததும் பகையை ஓரமாக வைத்துவிட்டு கெர்ஷோனும் வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார். மேலே வந்த களவாவைப் பாறையில் போட்டபோது கடல் மட்டம் இரண்டு விரல் இறங்கியதைப் படகுக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். தலை யாருக்கு என்ற தகராறு சோதனைச் சாவடிவரை தொடர்ந்தது. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மித்ரி தலையோடு உள்ளே போனான்.

வேதங்களின் மேல் வைத்த கையை இப்போது எடுத்துவிடுகிறேன். பெய்த் ஜாலாவிலிருந்து கடல் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. மித்ரி அதை இன்றுவரை பார்த்ததில்லை.