சார்ஜெண்டின் சட்டைகள்

எதிர்க்கடைக் கண்ணாடி நொறுங்கிய சத்தத்தில் என் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி நழுவித் தரையில் விழுந்தது.

"பெட்டிய எடு வெர்டெல், தரை கருகுது," என்றார் மிசஸ் பெட்டிவே. வாசல் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தெருவின் அந்தப் பக்கம் இருந்தது மரச்சாமான் கடை. தவணைக்கு சோபா கொடுப்பார்கள். ஒரு தவணை தவறினால் ஆளோடு வந்து, உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது அதே மாதிரி ஒரு சோபாவைத் தலைமேல் வைத்துக்கொண்டு நாலு இளவட்டங்கள் ஓடினார்கள். பின்னால் ஒரு பெண் மேசை விளக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஏய், பாத்துடா, கால் ஒடஞ்சிரும்!" என்று கத்திக்கொண்டே போனாள். அவள் சொன்னது சோபாவின் காலை.

1967 ஜூலை. ஆற்றுக்கு அக்கரையில் நியூயார்க் வழக்கம்போல ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இக்கரையில் எங்கள் ஊர், அதாவது தோல் ஆலைகளும் பீர் ஆலைகளும் நாறும் ஊர், புகைந்துகொண்டிருந்தது. கறுப்பு டாக்சிக்காரர் ஒருவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் இழுத்துப்போய் அடித்ததில் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் எத்தனையோ பேரை அடித்தபோதே ஆரம்பித்திருக்க வேண்டியது.

மிசஸ் ஒஸெல்லா பெட்டிவேக்கு ஊரில் எல்லோரும் பயப்படுவார்கள். குட்டையான உருவம், கழுத்தில் அளவு நாடா. வெள்ளைக்காரர் வீடுகளில் வருஷக்கணக்கில் துணி துவைத்து, தோல் ஆலையில் புருஷன் செத்த பிறகு இந்த டிரை கிளீனிங் கடையைப் போட்டவர். அந்தத் தெருவில் எங்களவர், அதாவது கறுப்பர்கள், நடத்திய கடைகள் இரண்டே இரண்டு. ஒன்று இது. இன்னொன்று பக்கத்தில் லூசியஸ் டேட்டமின் முடிவெட்டும் கடை.

கும்பல் எங்கள் பக்கம் திரும்பியதும் மிசஸ் பெட்டிவே வெள்ளை ஷூ பாலிஷை எடுத்தார். வெளியே போய், கண்ணாடி முழுக்கப் பெரிய எழுத்தில் 'சோல் சிஸ்டர்' என்று எழுதினார். உள்ளே இருப்பது நம்ம ரத்தம், கை வைக்காதே என்று அர்த்தம். லூசியஸ் தன் கடையில் 'சோல் பிரதர்' என்று எழுதினார்.

முன்னால் வந்தவன் கையில் செங்கல். எழுத்தைப் படித்தான், நின்றான்.

"ஆன்ட்டி, எங்கம்மா கோட்டு உள்ள இருக்கா?"

"இருக்கு. செவ்வாக்கிழமை ரசீதோட வரச் சொல்லு. செங்கல்லோட வராதே."

கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான். கும்பல் அடுத்த தெருவுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை பட்டாளம் ஊருக்குள் வந்தது. வெளியூர் போலீசும் கூடவே வந்தது. மறுநாள் மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றவர் சார்ஜெண்ட் டன்லேவி.

இந்த டன்லேவியின் சீருடைச் சட்டைகளை நாங்கள் இலவசமாகத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்போம். பதிலுக்கு, வாசலில் நிற்கும் எங்கள் வேனுக்கு அவர் அபராதச் சீட்டு எழுதமாட்டார். பேசி வைத்ததில்லை, அந்தத் தெருவின் நடைமுறை அது. திங்கட்கிழமை காலையில் வந்து வாங்கிப்போவார். வேறு நாளில் அவரை நான் கடையில் பார்த்ததே இல்லை.

"என் சட்டையெல்லாம் குடு, ஒஸெல்லா."

"இன்னிக்கு சனிக்கிழமை சார்."

"தெரியும். எந்த நிலைமைல இருந்தாலும் குடு. நனைஞ்சிருந்தாலும் பரவால்ல."

சட்டைகள் எனக்குப் பின்னால்தான் தொங்கின. காலையில் நானே தேய்த்தவை. நான் எடுக்கத் திரும்பினேன். மிசஸ் பெட்டிவே என் காலை மிதித்தார்.

"இன்னும் தொட்டியிலயே ஊறுது சார்."

டன்லேவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் இருந்த எழுத்தைப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கே. தெருமுனைல இருந்தே தெரியுது." கதவைத் திறந்தவர் திரும்பினார். "சாயந்தரம் வர்றேன். புழிஞ்சாவது எடுத்து வை."

கார் போனதும் நான் கேட்டேன். "ஏன் அக்கா பொய் சொன்னீங்க? குடுத்துத் தொலைச்சிருக்கலாமே."

"ஈரச் சட்டைய எவனாவது கேப்பானாடி? இன்னிக்கு ராத்திரி இந்தக் கடை இருக்காதுன்னு அவனுக்குத் தெரியும்."

நான் நம்பவில்லை. பக்கத்துக் கடை லூசியஸ் ஓடி வந்தபோதுதான் நம்பினேன். கையில் ஈரத்துணி, மூச்சு இரைத்தது.

"ஒஸெல்லா, அழிச்சிடும்மா! மேலத் தெருவுல போலீஸ்காரனுங்க சுட்டுக்கிட்டே வர்றானுங்க. கொள்ளை போன கடைய விட்டுட்டு, எழுத்து இருக்கிற கடையா பாத்து சுடுறானுங்க. நம்ம கடைய நாமளே அடையாளம் காட்டிக் குடுத்திருக்கோம்!"

"அழிச்சா நம்ம பசங்க கொளுத்துவானுங்களே?"

"பசங்ககிட்ட பேசிக்கலாம். துப்பாக்கிகிட்ட எப்படிம்மா பேசுவே?"

"லூசியஸ், நான் யாருன்னுதான் எழுதியிருக்கேன். அத எவனுக்காகவும் அழிக்கமாட்டேன். நீ வேணும்னா உன்னுத அழிச்சுக்கோ."

அவர் அழித்துக்கொண்டார். அவருக்கு வீட்டில் ஐந்து பிள்ளைகள். நான் குறை சொல்லமாட்டேன்.

பிறகு வேலை தொடங்கியது. ஊரார் கோட்டுகள், தேவாலயப் பாடகர் குழுவின் நீல அங்கிகள், அடுத்த வாரம் கல்யாணமாகப் போகிற பெண்ணின் கவுன் எல்லாவற்றையும் நானும் அவருமாகக் கீழறைக்கு இறக்கினோம். கடை காலியானது. கடைசியில் அவர் டன்லேவியின் சட்டைகளை எடுத்தார். ஹேங்கரோடு ஒவ்வொன்றாக முன்கண்ணாடிக்குள் மாட்டினார், சரியாக எழுத்துக்குக் கீழே. கையில் தைத்திருந்த போலீஸ் முத்திரை தெருவைப் பார்க்கும்படி ஒவ்வொரு கையையும் மடித்து ஊசி குத்தினார்.

"அக்கா, இது வம்பு."

"வம்பு வந்து மூணு நாளாச்சு வெர்டெல். நாம அதுக்கு சட்டைதான் மாட்டுறோம்."

"சட்டையப் பாத்தா சுடமாட்டானுங்களா?"

"சுடாட்டி கடை தப்பிச்சுது. சுட்டா, யார் சட்டைய சுட்டானுங்கன்னு ஊர் பாக்கட்டும்."

இருட்டத் தொடங்கியபோது கார்கள் வந்தன. நம்பர் தெரியாதபடி பலகையில் டேப் ஒட்டியிருந்ததை லூசியஸ் பார்த்திருக்கிறார். நாங்கள் கீழறையில், பாடகர்களின் அங்கிகளுக்கு நடுவில் குப்புறக் கிடந்தோம்.

முதலில் லூசியஸின் கண்ணாடி போனது. அவசரத்தில் துடைத்ததில் பாலிஷ் முழுதாகப் போகவில்லை. அழித்த எழுத்தும் தெரிந்திருக்கிறது.

அப்புறம் எங்கள் வாசலில் ஒரு கார் நின்றது. சத்தமே இல்லை. மிசஸ் பெட்டிவே என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டேய், இது போலீஸ் சட்டைடா!" என்று ஒருவன் சிரித்தான்.

"எழுத்தப் பாரு. சட்டைய ஏன் பாக்குற?" என்றது இன்னொரு குரல்.

தலைக்கு மேல் கடை இடிந்து விழுவது போல இருந்தது. கார் போன பிறகும் கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தன. நான் அழுதேன். அவர் அழவில்லை. "கவுன்ல தூசி படாம பாத்துக்கோ" என்றார்.

ஞாயிறு காலை ரேடியோவில் ஒரு போலீஸ் அதிகாரி பேசினார். கடைகளை நொறுக்கியது முழுக்க முழுக்கக் கலவரக்காரர்கள்தானாம். அவருடைய ஆட்கள் ஒரு கண்ணாடியைக்கூடத் தொடவில்லையாம்.

மிசஸ் பெட்டிவே ரேடியோவை அணைத்தார். "கண்ணாடி போனா வேற போட்டுக்கலாம். அத ஒடச்சது என் ஜனங்கன்னு சொல்ல மட்டும் விடமாட்டேன்."

நான் துடைப்பத்தை எடுத்தேன். பிடுங்கி வைத்துவிட்டார். ஓட்டை விழுந்த சட்டைகள் தொங்கியபடியே தொங்கின. கண்ணாடி இல்லாததால் காற்றில் கைகள் ஆடின. தேவாலயம் விட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். தொப்பி போட்ட அம்மாக்கள், கழுத்துப்பட்டை கட்டிய ஐயாக்கள். எங்கள் ஜனங்களின் வாரப் பத்திரிகையிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். செங்கல்காரனும் வந்தான், அம்மாவோடு, கை வீசிக்கொண்டு.

பத்து மணி வாக்கில் டன்லேவி வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே முகம் சிவந்திருந்தது.

"இத உடனே இறக்கு!"

"உங்களுதுதான் சார், வந்து எடுத்துக்கங்க. ஊறுதுன்னேன், இப்ப நல்லாக் காஞ்சிடுச்சு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கலவரக்காரன் எவனோ சுட்டிருக்கான். அரசாங்கச் சீருடைய இப்படித் தொங்கவிடறது குத்தம், தெரியுமா?"

"கலவரக்காரனா? அவன் வந்தப்ப எழுத்தப் படிச்சிட்டு, அவங்கம்மா கோட்டு பத்திரமான்னு கேட்டுட்டுப் போனான். தோ நிக்கிறாங்க அம்மாவும் புள்ளையும்." சட்டை ஒன்றை ஹேங்கரோடு எடுத்து டன்லேவியின் மார்பில் வைத்து அளவு பார்த்தார் மிசஸ் பெட்டிவே. "தச்சுத் தரவா, அப்படியே போட்டுக்கறீங்களா? வெயிலுக்குக் காத்தோட்டமா இருக்கும்."

இப்போது தெருவே சிரித்தது. லூசியஸ் தன் உடைந்த வாசலில் நின்று கைதட்டினார். கேமரா பளிச்சென்றது.

"இத்தனை முத்திரையப் பாத்தும் சுட்டிருக்கானுங்களே," என்றார் மிசஸ் பெட்டிவே, பரிதாபமாகத் தலையை ஆட்டிக்கொண்டு. "உங்க ஆளுங்களுக்கே உங்க பேச்சுக்கு மதிப்பு இல்ல போல சார்."

டன்லேவி அந்தச் சட்டையைப் பிடுங்கினார். மார்புப் பக்கத்து ஓட்டைக்குள் விரலை விட்டு, மிசஸ் பெட்டிவேயின் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டு கத்தினார்:

"நான் என் சட்டைய எடுக்கிற வரைக்கும் இந்தக் கடைய மட்டும் விட்டு வைங்கடான்னு அவனுங்ககிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன்!"