ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய படம்

காலையில் விரல்கள் மடங்கவில்லை. வலது கையை வெந்நீர்க் குழாயின் கீழே பிடித்து, இடது கையால் ஒவ்வொரு விரலாக மடக்கிவிட்டேன். பதினாறு வருடமாகக் கோழி ஆலையில் எலும்பெடுக்கும் வரிசையில் நிற்கிறேன். டாக்டர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்து, இன்னும் ஒரு வருடம் கத்தி பிடித்தால் பிறகு காபிக் கோப்பைகூடப் பிடிக்க முடியாது என்றார்.

அதனால்தான் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு எழுதிப்போட்டேன். அங்கே தலைமை மிஸ் ஜனெல். நேரில் பார்த்ததும் அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. ஆனால் மறுநாளே போன் வந்தது.

"ட்வைலா, உன் பேரைப் போட்டுத் தேடினேன். ஜெயில்ல எடுத்த படம் வருதே?"

"கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு, மிஸ் ஜனெல்."

"நான் நம்புறேன். பிள்ளைங்களைப் பெத்தவங்க நம்பணுமே? ஒண்ணாம் தேதிக்குள்ள அதை எடுக்க வை. அதுவரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன்."

விஷயம் இவ்வளவுதான். கார் நம்பர் பலகையைப் புதுப்பிக்கவில்லை. அதற்காக வரச் சொன்ன நாளில் ஆலையில் லீவு கிடைக்காமல் கோர்ட்டுக்கும் போகவில்லை. பிடித்துக்கொண்டு போய் ஓர் இரவு வைத்தார்கள், படம் எடுத்தார்கள். ஆலையில் முடிக்கு மாட்டும் வலை நெற்றியில் பதித்த கோடுகூட மாறாத முகம். நீதிபதி இரண்டே நிமிடத்தில் தள்ளுபடி செய்தார். படத்தை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. ஒரு இணையதளம் அதைப் போட்டு, எடுக்க முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது டாலர் கேட்டது. வருமான வரியில் திரும்பி வந்த பணம் கையில் இருந்தது. கட்டினேன். அடுத்த நாள் படம் போனது. மூன்றாம் நாள் அதே படம் வேறு இரண்டு தளங்களில் வந்து நின்றது, அதே விலையோடு.

சாப்பாட்டு அறையில் கார்லிஸிடம் சொன்னேன். வரிசையில் எனக்கு அடுத்து நிற்பவள்.

"எவ்வளவு குடுத்த?"

சொன்னேன்.

"அடிப்பாவி! ஒரு நாய்க்கு எலும்பு போட்ட, இப்ப தெரு நாயெல்லாம் உன் வாசல்ல நிக்குது."

"பின்ன? சும்மா எடுப்பானா?"

"எடுத்துத்தான்டீ ஆகணும். கேஸ் தள்ளுபடின்னா எடுக்கக் காசு கேக்கக் கூடாதுன்னு நம்ம ஜார்ஜியாவுல சட்டமே இருக்கு. பேரு, பொறந்த தேதி, எப்பப் புடிச்சாங்க, யாரு புடிச்சாங்க, எல்லாம் எழுதிப் பதிவுத் தபால்ல போடணும். அவனுக்கு முப்பது நாள் கெடு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் வாடகை வீடு கைய விட்டுப் போச்சுல்ல, அப்பக் கத்துக்கிட்டேன்."

எங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்கில் வியாழக்கிழமைதோறும் ஒரு டாலருக்கு ஒரு பேப்பர் விற்கும். உள்ளே முழுக்கக் கைதானவர்கள் முகம்தான். ஆலை ஆள் யாராவது இருந்தால் வெட்டிச் சாப்பாட்டு அறை ஃப்ரிட்ஜில் ஒட்டிச் சிரிப்போம். போன வருடம் கார்லிஸ் படத்தை ஒட்டியது நான். கீழே 'இன்றைய ஸ்பெஷல்' என்று பெரிய எழுத்தில் எழுதியதும் நான். அவள் கேஸும் பிறகு தள்ளுபடியானது. அதற்குள் வீட்டுக்காரர் இணையத்தில் அவளைப் பார்த்துவிட்டார்.

என் விரல்களில் பேனா நிற்கவில்லை. கார்லிஸே இரண்டு கடிதமும் எழுதினாள்.

"பொறந்த வருஷம்?"

"எழுபத்தொம்போது."

"அடியேய், நாப்பதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச!" என்று சிரித்தாள். பிறகு பேனாவை மூடிக்கொண்டே ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். "என் படத்த அதுல ஒட்டினது யாருன்னு மட்டும் இன்னும் தெரியல."

"தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். மூஞ்சிய ஒருதரம் பார்ப்பேன்."

நான் என் மூஞ்சியைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக்கொண்டேன்.

கடிதம் போட்ட இருபத்தாறாம் நாள் ஒரு தளம் படத்தை எடுத்தது. இன்னொன்றுக்குப் போட்ட கடிதம் அந்த விலாசத்தில் யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. ஒண்ணாம் தேதியோ இருபத்திரண்டாம் நாளே வந்துவிட்டிருந்தது. சட்டத்துக்கு முப்பது நாள். மிஸ் ஜனெலுக்கு அத்தனை நாள் இல்லை.

"வேற ஒருத்தியச் சேத்துட்டேன், ட்வைலா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். குரலில் பொய் இல்லை.

போன வியாழன் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் டுவைட் பேப்பரோடு உள்ளே வந்தான். அதில் பொதி கட்டும் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவன் முகம்.

"ஒட்டுற டேப் யாருகிட்ட இருக்கு? ட்வைலா, உன் லாக்கர்லதான எப்பவும் இருக்கும்?"

கார்லிஸ் மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"தீந்து போச்சு" என்றேன். டுவைட் முனகிக்கொண்டே பேப்பரை மேசையில் எறிந்துவிட்டுப் போனான். மணி அடித்தது. கத்தியை எடுத்துக்கொண்டு நானும் கார்லிஸும் பக்கத்துப் பக்கத்தில் போய் நின்றோம்.

கடிதங்களை அவள் போட்ட தபால் செலவை அன்றே அவளிடம் கொடுத்துவிட்டேன். படத்தை ஒட்டியது நான்தான் என்று சொல்லி அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.