ஐந்து கட்டை

நான் கல்வி பெற்றது காலந்தாழ்ந்து. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ‘விஞ்ச்’ என்னும் பளுதூக்கியை இயக்கிக்கொண்டிருந்தபோது, நாற்பத்தொன்றாம் அகவையில், பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினேன். பின்னர் அஞ்சல் வழியில் தமிழ் இலக்கியம் பயின்று பட்டம் பெற்றேன். சுருதி, தாளம், இராகம் ஆகியவற்றை நூல்களின் வாயிலாகவே அறிந்தேன். எங்கள் அந்தோனியார் கோயிலின் பாடகர் குழுவைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். முப்பத்தேழு திருப்பாடல்களை இயற்றியுள்ளேன். அவற்றுள் ஒன்றிலேனும் எதுகை பிழைத்ததில்லை.

முப்பத்தேழில் மக்கள் வாயில் நிலைத்தது ஒன்றே. ‘விண்ணமுதே, எளியேனின் மண்குடிலில் தங்குகவே’ என்னும் அப்பாடலை நற்கருணை வாங்கும் வேளைக்காக இயற்றினேன். மக்களோ அதனை அடக்கத்திற்கு எடுத்துக்கொண்டனர். சவப்பெட்டியைத் தோளில் ஏற்றியதும் ஆண்கள் தாமாகவே அதனைத் தொடங்குவர். கல்லறைத் தோட்டத்தின் வாயில் வரை பாடிச் செல்வர். எங்கள் குழுவில் தபேலா வாசிக்கும் ஜோன்ஸ், விசைப்படகில் டிரைவர். அவன் இதைக் குறித்து என்னைக் கேலி செய்யாத வாரம் இல்லை.

“செபாஸ்டின் அண்ணாச்சி பாட்டத் தொடங்குனாலே தோளு தானா குனியுது,” என்பான். “பெட்டிக்குள்ள படுத்துக் கிடக்கவன் மட்டுந்தான் இன்னும் குத்தஞ் சொல்லல.”

இந்நிலையில்தான் ஜெயஷீலா எங்கள் கோயிலின் பங்கிற்கு வந்தாள். அவள் நாசரேத்தில் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்து, புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவள்; எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டுக் கத்தோலிக்கர் ஆனவள். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்தாள். நாற்பத்தொன்றில் நான் எழுத்துக்கூட்டி அறிந்தவற்றை அவள் பால்பற்கள் விழும் பருவத்திலேயே அறிந்திருந்தாள். அலுவலகம் செல்லும் பேருந்தில் அலைபேசியில் எதையோ முனகிப் பதிவு செய்வாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது பாடலாகி நிற்கும். அதில் எதுகை இராது, யாப்பு இராது. புதுப்படகை மந்திரிக்கும் சடங்கிற்கும் திருமணத்திற்கும் மக்கள் அதையே கேட்டனர்.

ஒருநாள் என் மனைவி பிரகாசி சாளை மீனை ஆய்ந்துகொண்டே வாய்க்குள் ஏதோ முனகினாள். திருமணமாகி இருபத்தெட்டு ஆண்டுகளில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

“என்ன பாட்டு அது?” என்று வினவினேன்.

“தெரியலயே. வாயில வந்துச்சு.”

“அது ஜெயஷீலா போட்ட பாட்டு.”

“அப்படியா? நல்லாத்தான இருக்கு.”

“என் பாட்டு ஒண்ணும் வாயில வராதோ?”

“ஒங்க பாட்டுக்கு யாராவது சாவணும்லா,” என்றாள்.

அவள் ஏளனம் செய்யவில்லை. மீனின் விலையைக் கூறுவதுபோல உண்மையைக் கூறினாள். அதனால்தான் அச்சொல் நெடுநாள் குத்தியது.

திருவிழாவிற்கு ஒரு மாதம் இருக்கையில், பங்குத்தந்தை ஆன்றோ எங்கள் இருவரையும் அழைத்தார்.

“கொடியேத்தத்துக்கு வருசா வருசம் பழைய பாட்டே பாடுதோம். இந்தத் தடவ புதுசு வேணும். அண்ணாச்சி ஒண்ணு போடுங்க, ஜெயஷீலா ஒண்ணு போடட்டும். ஞாயித்துக்கெழம பூசையில ரெண்டையும் பாடுவோம். சனம் எதப் பிடிச்சுக்கிடுதோ, அதான் கொடிப்பாட்டு.”

கொடிப்பாட்டின் பெருமையை இவ்விடத்தில் கூறுதல் வேண்டும். திருவிழாவின் முதல் நாளில் கொடிமரத்தில் கொடி ஏறும்போது முழு ஊரும் பாடும் பாடல் அது. ஒருமுறை நிலைத்துவிட்டால் ஒரு தலைமுறைக்கு மாறாது. திருவிழாப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் இயற்றியவர் பெயருடன் அது அச்சாகும். மதிப்பெண் பட்டியலைத் தவிர வேறெந்தத் தாளிலும் என் பெயர் அச்சானதில்லை. ஆகவே, அந்தப் பக்கம் எனக்கு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை ஒத்திகையில் ஜெயஷீலா தன் பாடலைப் பாடிக் காட்டினாள். ‘காத்து திரும்புது, கொடி ஏறுது, கரையில நிக்கோம், கையக் காட்டு’ என்பது அதன் பல்லவி. பிழை காணும் நோக்குடனேயே கேட்டேன். மூன்றாம் முறை பாடியபோது என் முன்கை மயிர் சிலிர்த்தது. சட்டையின் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

“சுருதி ரெண்டு கட்டதான அண்ணாச்சி, நம்ம கோயில்ல?” என்று கேட்டாள்.

“ரெண்டுதான்.”

கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு. ஆண்களின் குரல் இரண்டில் இயல்பாக அமரும். எங்கள் கோயிலில் எல்லாப் பாடலும் இரண்டு கட்டையில் என்னும் விதியை வகுத்தவன் நானே.

மறுநாள் பூசையில், காணிக்கை வேளையில் என் புதுப்பாடல் பாடப்பட்டது. ஆண்கள் உரக்கப் பாடினர். எனினும், முடிவில் முதல் வரிசைப் பெரியவர் ஒருவர் நெற்றியில் சிலுவை வரைந்து, இறந்தோருக்கான செபத்தை முணுமுணுத்தார். ஜோன்ஸ் தபேலாவின்மேல் குனிந்துகொண்டான்; அவன் தோள்கள் குலுங்கின.

அடுத்து நற்கருணை வேளையில் அவளுடைய பாடல். சுருதியை ஏற்றியிறக்கும் பொத்தான் நான் வாசிக்கும் கீபோர்டின் ஓரத்தில் உள்ளது. எவரும் அறியாவண்ணம் அதனை அழுத்தி, இரண்டு கட்டையை ஐந்தாக்கினேன். சிறு திரையில் ஐந்து என்னும் எண் ஒளிர்ந்தது. பல்லவியை மக்கள் தட்டுத்தடுமாறிக் கடப்பர், சரணம் மேலே ஏறும்போது ஒருவராலும் எட்ட இயலாது, பாட இயலாத பாடலை மக்கள் பிடித்துக்கொள்ளார் என்று கணித்தேன்.

கணித்தவாறே நிகழ்ந்தது. சரணத்தில் ஆண்கள் நின்றுபோயினர். கடலடியில் மூச்சடக்கிச் சங்கு எடுப்பவர்கள், ஒரு சுரத்தை எட்ட இயலாமல் ஒருவரையொருவர் நோக்கினர். நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்போது கோயிலின் இடப்பக்கத்திலிருந்து ஓர் ஒலி எழுந்தது.

ஐந்து கட்டை பெண்களின் சுருதி. இதனை நான் நூலில் படித்திருந்தேன். தேர்வில் கேட்டிருந்தால் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருப்பேன். ஆயினும், மக்கள் என்று நான் நினைத்தபோதெல்லாம் ஆண்கள் அமரும் வலப்பக்கத்தையே நினைத்திருந்தேன். பதினான்கு ஆண்டுகளாக எங்கள் பெண்கள் என் இரண்டு கட்டைக்குக் கீழே முணுமுணுத்துக் கிடந்தவர்கள். அன்று முதன்முறையாக அவர்களுக்கு இடம் கிடைத்தது. இருநூறு பெண்கள் வாய்திறந்து பாடினர். மீன் விற்பவர்கள் பாடினர். வலைக்கம்பெனிக்குச் செல்பவர்கள் பாடினர். பல்லவி திரும்பியபோது ஆண்கள் கீழ்ஸ்தாயியில் சேர்ந்துகொண்டனர். பெண்கள் கேட்பதும் ஆண்கள் மறுமொழி கூறுவதுமாக, திட்டமிட்டுச் செய்ததுபோலப் பாடல் நடந்தது. அக்குரல்களுக்கிடையே ஒரு குரலை நான் தனியே அறிந்தேன். அது பிரகாசியின் குரல். என் வீட்டில் இருபத்தெட்டு ஆண்டுகள் மூடியிருந்த குரல் இன்னொருத்தியின் பாடலுக்காகத் திறந்தது. என் விரல்கள் தவறான சுரத்தில் விழுந்தன, எவரும் கவனிக்கவில்லை.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை ஜெயஷீலாவிடம் வந்தார். “சரணத்தப் பொம்பளைங்களுக்கு மட்டும் விட்டியே, எப்படித் தோணுச்சு?”

“எனக்குத் தோணல சாமி. சுருதிய ஏத்தி வச்சது அண்ணாச்சிதான்,” என்றாள்.

“அப்படியா அண்ணாச்சி? சொல்லவே இல்லையே. அப்ப புத்தகத்துல ரெண்டு பேர் பேரும் போட்டுருவோம்.”

நான் தலையசைத்தேன். ஜோன்ஸ் என் முதுகில் தட்டி, “கடசில பெட்டிய எறக்கிட்டிய,” என்றான்.

நான் விரும்பிய முதற்பக்கம் எனக்குக் கிடைத்தது. ஆனால் அவள் கையால் கிடைத்தது. அதுவும் என் வஞ்சகத்திற்குப் பரிசாகக் கிடைத்தது. ஐந்தாம் நாள், செய்த பாவத்தைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திற்குச் சென்றேன். கம்பித் தட்டிக்கு அப்பால் இருந்தவர் பங்குத்தந்தை ஆன்றோவே. பொறாமையால் செய்ததை ஒளிக்காமல் கூறினேன். அந்தப் பிள்ளைக்காக ஒரு செபமாலை சொல்லும்படி அபராதம் விதித்தார். ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டினேன். ஒவ்வொரு மணியும் அவள் மெட்டிலேயே உருண்டது.

என் பெயரை அவரே நீக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் அச்சகத்திலிருந்து பிழை திருத்த வந்த திருவிழாப் புத்தக மெய்ப்பை அவர் என்னிடம் நீட்டினார். முதற்பக்கத்தில், ‘பாடல்: ஜெயஷீலா. சுருதி அமைப்பு: செபாஸ்டின்’ என்று இருந்தது. அவர் முகத்தை நோக்கினேன். அதில் ஒன்றுமில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே அறியாதவராக இருத்தல் குருவின் கடமை.

“தப்பு இருந்தா நீங்களே பாத்துத் திருத்திருங்க அண்ணாச்சி,” என்றார்.

வீட்டில் அமர்ந்து திருத்தினேன். ஒற்றுப்பிழைகள் ஒன்பது, வரி விடுபட்ட இடம் ஒன்று. எல்லாவற்றையும் திருத்திய பின் முதற்பக்கத்திற்குத் திரும்பினேன். என் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. ‘ஸ்’ எழுத்தின் புள்ளிகூடச் சரியான இடத்தில் இருந்தது. அதனைச் சற்று நேரம் நோக்கிக்கொண்டிருந்தேன். பிறகு சிவப்பு மையால் அவ்வரியை அடித்தேன்.

கொடியேற்றத்தன்று மாலையில் கோயில் முற்றம் நிறைந்திருந்தது. கடற்காற்றில் கொடிமரத்தின் கயிறு அடித்துக்கொண்டிருந்தது. ஜோன்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான்.

“என்ன அண்ணாச்சி, ஒங்க பேரக் காணல?”

“அச்சுப்பிழை,” என்றேன்.

மைக்கைப் பிடித்து நின்ற ஜெயஷீலா அதைக் கேட்டாள். அவன் தண்ணீர் குடிக்கச் சென்றதும் என்னருகே குனிந்தாள்.

“நீங்களே அடிச்சிட்டீங்களா அண்ணாச்சி?”

நான் கீபோர்டின் உறையை மடித்து வைத்தேன்.

“அன்னைக்கு நானும் பாத்தேன். ஒங்க கீபோர்டுல அஞ்சுன்னு இருந்துச்சு. எங்கிட்ட ரெண்டுன்னுல்லா சொன்னீங்க? எனக்குக் கோவத்துல கண்ணீரே வந்துட்டு. பெறவு பொம்பளைங்க பாடுனாங்க. சரி, போட்டும்னு விட்டுட்டேன். இனிமே கேட்டுட்டு ஏத்துங்க,” என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நாங்கள் இருவரும் ஒரே மட்டத்தில் நின்றிருப்போம்.

பங்குத்தந்தை கொடியை மந்திரித்தார். கயிறு இழுபட்டது. என் விரல் பொத்தானின்மேல் இருந்தது. இரண்டில் வைத்தால் கேட்பார் எவருமில்லை. கோயிலின் விதியே அதுதான். இடப்பக்கத்தில் பெண்கள் கீபோர்டை நோக்கி நின்றனர்.

“அஞ்சுதான?” என்று கேட்டேன்.

“அஞ்சு,” என்றாள் ஜெயஷீலா.

அழுத்தினேன். அவர்கள் பாடினர். கொடி உச்சியை அடையும் வரை பாடினர். ஒவ்வொரு சரணத்திலும் என் நெஞ்சு அந்த ஞாயிறன்று எரிந்ததுபோலவே எரிந்தது. நான் ஒரு சுரத்தையும் தவறவிடவில்லை.

வீடு திரும்பும் வழியில் பிரகாசி லேஞ்சித் துணியால் முகம் துடைத்தாள். பாடிப் பாடி அவள் தொண்டை கட்டியிருந்தது.

“நா ஒண்ணு சொல்லட்டா? ஒங்க விண்ணமுதையும் அந்தச் சுதியில வச்சுப் பாருங்களேன்.”

“அது அடக்கப் பாட்டுல்லா?”

“பெட்டி தூக்குற ஆம்பளைங்களுக்கு மட்டுந்தான் அது எட்டுது. அதான் அங்கனயே கெடக்கு. எங்களுக்கு எட்டுற மாதிரி ஒருநாளாவது வச்சீங்களா?”

வீட்டை அடைந்ததும் பழைய நோட்டை எடுத்து, பாடலின் தலைப்பில் எழுதியிருந்த இரண்டை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன்.

“பாடு,” என்றேன்.

“இப்பமா? தொண்ட கட்டிட்டுலா. அந்தப் பிள்ள பாட்டு பாடியே போச்சு,” என்றாள் பிரகாசி.