தாவணியைப் பிடித்த கை

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து, எங்கள் பெண்கள் கல்லூரியைப் பட்டணத்திலிருந்து செஞ்சிக்கு மாற்றினார்கள். மற்றப் பெண்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கு இருந்த உயிரும் போயிற்று. செஞ்சி என் ஊர். கடைத்தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த பிலவேந்திரன்தான் என் நைனா. கோபம் வந்தால் என் புத்தகங்களை அடுப்பில் போட்டுவிடுவார்.

பட்டணத்தில் நான் கூடைப்பந்து ஆடியது அவருக்குத் தெரியாது. இங்கே கோட்டைக்குக் கீழே, ஊரே பார்க்கிற இடத்தில் கம்பம் நட்டார்கள். முதல் நாளே என் ஆட்டம் கெட்டது. இரண்டு எட்டு ஓடி, எம்பி, பந்தைப் பலகையில் பதமாகத் தட்ட வேண்டும். எம்பும்போதே என் இடது கை தாவணிக்கு இறங்கிவிடும். வளையத்தில் இடித்துத் திரும்புகிற பந்தை இரண்டு கையாலும் பறிக்க வேண்டும். எனக்கு ஒரு கைதான் மிச்சம். அணித்தலைவி ராஜாம்பாள் தாவணியில் ஆறு ஊக்கு குத்தி, தினமும் ஐம்பது தடவை எம்ப வைத்தாள். ஊக்கு நின்றது, கை நிற்கவில்லை.

திண்டிவனம் அணியோடு ஆடிய அன்று, பாதி ஆட்டத்தில் கூட்டத்தில் நைனாவின் தலை தெரிந்தது. யார் போய் வத்தி வைத்தார்களோ. கடைசி நிமிஷம், நாங்கள் ஒரு புள்ளி பின்னால். ராஜாம்பாள் எறிந்த பந்து வளையத்தில் பட்டு நேராக என் தலைக்கு மேல் வந்தது. இரண்டு கையையும் தூக்கினேன். நைனா பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை தானாகக் கீழே போயிற்று. பந்து விரலில் பட்டு நழுவியது. தோற்றோம்.

ராஜாம்பாள் திட்டவில்லை. அடுத்த ஆட்டம் வேலூரில், உன் நைனா இல்லாத ஊரில் கை தூக்குகிறாயா பார்க்கிறேன், அதுதான் கடைசித் தடவை என்றாள். கையில் வேலூர் போகிறவர்களின் பட்டியல் இருந்தது.

நைனா நேரே எங்களிடம் வந்தார். அவர் சிரித்தார்.

"தாவணி மேலருந்து கைய எடுக்கவே இல்ல நீ. பாத்துக்கினுதான் இருந்தேன். ஆடும்மா, பரவால்ல. இனிமே எந்த ஊருக்குப் போனாலும் நானும் கூட வரேன்."

ராஜாம்பாள் என்னைப் பார்த்தாள். பிறகு பட்டியலில் என் பெயரை அடித்தாள்.