மீசை பிழைக்கப் பெரியப்பா பிழைக்கணும்

கும்ப்சிங் தன் பெரியப்பாவைத் தாங்கு தாங்கென்று தாங்குவதைப் பார்த்து ராமாசர் ஊரே கண் கலங்கியது. கலங்காதவள் அவன் பெண்டாட்டி சுகன் கன்வர் ஒருத்திதான். அவளுக்கு உள்விஷயம் தெரியும்.

உள்விஷயம் மீசை. கும்ப்சிங்கின் மீசை கன்னத்தில் சுருண்டு காதோரம் போய் நிற்கும். சாயங்காலமானால் மணல்மேட்டு உச்சியில் போய் உட்கார்ந்துகொள்வான். வெள்ளைக்காரர்கள் மணலில் படுத்துப் புரண்டு, இறங்குகிற சூரியனை அந்தச் சுருளுக்குள் விழவைத்துப் படம் எடுப்பார்கள். ஜெய்சல்மேரில் சூரியன் மறைவதே தன் மீசையை நம்பித்தான் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. குளிர்காலப் பௌர்ணமித் திருவிழாவில் மீசைப் போட்டி நடக்கும். ஜெயித்தவன் முகம்தான் அடுத்த வருஷச் சுவரொட்டியில். போன தடவை மயிரிழையில் தோற்றான். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா ஹடவந்த்சிங் இருமிக்கொண்டு படுத்துவிட்டார். பிள்ளைகுட்டி இல்லாத மனுஷர். கொள்ளி வைக்க வேண்டியவன் கும்ப்சிங். கொள்ளி வைக்கிறவன் தலையோடு மீசையையும் மழித்தாக வேண்டும். சுவரொட்டி, வெள்ளைக்காரன் என்று சாக்குச் சொன்னால் எந்தப் பங்காளியும் விடமாட்டான்.

"திருவிழா வரைக்கும் இழுத்துப் பிடிச்சாப் போதும். அப்புறம் பகவான் விட்ட வழி," என்றான் மனைவியிடம்.

"உங்க பாசத்தைக் கேட்டா நம்ம ஒட்டகமே அழுதுடும்," என்றாள் சுகன்.

நெய்யில் பிசைந்த கம்பு ரொட்டியும் வெல்லமும் வேளை தவறாமல் போயின. மீசைக்கென்று வாங்கிவைத்த பாதாம் எண்ணெயைச் சூடாக்கிக் கிழவரின் நெஞ்சு, கழுத்து, முகம் என்று தேய்த்துவிட்டு, பனிக்காற்று படாமல் கண்வரைக்கும் கம்பளியைச் சுற்றினான். நாவிதர் வாசலில் தலை காட்டினாலே, மழிக்கத்தான் வந்துவிட்டாரோ என்று கதவைச் சாத்துவான். குளிர்காலம் முழுக்க அந்த மனுஷரை வீட்டுப் பக்கமே அண்டவிடவில்லை. கிழவரும் லேசுப்பட்டவர் இல்லை. நெய் குறைந்த அன்றைக்கெல்லாம் அவருக்கு நெஞ்சு அடைக்கும்.

திருவிழா அன்று காலையில் தானும் வருவதாக அடம் பிடித்தார். தனியாகக் கிடந்து, போட்டிக்கு முன்னாலேயே கண்ணை மூடிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். கும்ப்சிங் பதறிப்போய் ஒட்டகவண்டியில் மெத்தை போட்டு ஏற்றிக்கொண்டான்.

மைதானத்தில் வெயில் ஏறியது. கும்ப்சிங் மேடையில் மீசையைப் பிரித்துக்காட்டி நிற்கையில், கீழே கிழவர் புழுக்கம் தாங்காமல் கம்பளியை அவிழ்த்தார். வெள்ளி நூலைப் பிரித்துவிட்டது போல மீசை இரண்டு பக்கமும் நெஞ்சில் வந்து விழுந்தது. கத்தரிக்கோல் படாமல், பாதாம் எண்ணெய் குடித்து வளர்ந்த மீசை. நடுவர்கள் மேடையை விட்டே இறங்கி வந்தார்கள். கும்ப்சிங்குக்கு இரண்டாம் பரிசு.

சாயங்காலம் அதே மணல்மேடு, அதே சூரியன், மீசை மட்டும் வேறு. கிழவர் சாய்ந்துவிடாமல் பின்னால் உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தான் கும்ப்சிங். தலை தெரிகிறது, குனிந்துகொள் என்று படம் எடுக்கிற வெள்ளைக்காரி கையைக் காட்டினாள். குனிந்துகொண்டான்.

"அடுத்த வருஷமும் வரணும்னு சொல்றாங்கடா," என்றார் பெரியப்பா, திரும்பாமலே.

அவன் கிழவரின் முதுகை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"வருவேன். உன் மீசையும் அதுவரைக்கும் பத்திரமா இருக்கும். நெய்யிலே மட்டும் கை வைக்காதே."

ஊர்க்காரர்கள் மேட்டுக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிர்காற்று கிளம்பியதும் கும்ப்சிங் அவசர அவசரமாகக் கம்பளியை எடுத்துக் கிழவரின் கழுத்தில் சுற்றினான். அவர்கள் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.